விபத்தில்லா மாதத்துக்கு 50 வெள்ளி: நிறுத்தலாமா, தொடரலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு, பிறையில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். கேட், கிரில் வேலையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மேடை, படிக்கட்டு, தாங்கிச் சட்டம் எல்லாம் செய்து கொடுக்கிறோம். மொத்தம் 22 பேர். உள்ளூர் ஆட்கள் 8 பேர், மற்றவர்கள் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும். சில மாதங்களுக்கு முன் ஒரு பரிசுத் திட்டம் கொண்டுவந்தேன். யாருக்கும் அடிபடாத மாதத்தில் ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்கு 200. வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையும் மாட்டினேன். ஏழு மாதம் ஒரு கீறல்கூட இல்லை என்று பெருமையாக இருந்தேன். போன வாரம்தான் தெரிந்தது: ஒரு நேப்பாளிப் பையன் கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததை மறைத்து, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காசில் கிளினிக் போயிருக்கிறான். கண் வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். 5 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு). பரிசை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ஆட்கள் முகம் மாறும். இன்னொன்று, ஒரு பெரிய கம்பெனி எங்கள் பாதுகாப்புத் திட்டம் என்ன என்று பாரம் (படிவம்) அனுப்பியிருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய கம்பெனிகளுக்கு விருது, சான்றிதழ் ஏதாவது உண்டா?

பதில்: பரிசைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பையன் விஷயத்தை முடியுங்கள், அதற்குக் கெடு இருக்கிறது. வேலையிடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரியிலிருந்து சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சந்தாவை மாதாமாதம் நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். எம்.சி. 4 நாளைத் தொட்டாலே தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை உண்டு, சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. மருத்துவச் செலவையும் திட்டமே பார்த்துக்கொள்ளும். பையன் வாய் திறந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் ஒரு காசுகூடக் கொடுத்திருக்க வேண்டாம்.

4 நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு அடிபட்டால், ஜே.கே.கே.பி. என்று நாம் சொல்லும் தொழில்பாதுகாப்பு இலாகாவுக்கும் 7 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். அதற்கு ஜே.கே.கே.பி. 6 என்ற பாரம் இருக்கிறது. உங்கள் பையனுக்கு 5 நாள், ஆகவே இது உங்களுக்குப் பொருந்தும். உங்களுக்கே தாமதமாகத்தான் தெரியவந்தது என்றால், என்று விழுந்தது, என்று தெரிந்தது என்பதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள். தேதியை மாற்றி எழுத யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கிளினிக் ரசீதை வாங்கிக்கொண்டு பையனின் காசைத் திருப்பிக் கொடுங்கள். அதையும் நாலு பேர் பார்க்கும்படி கொடுங்கள்.

சரி, இப்போது பரிசு.

உங்கள் பையன் ஏன் மறைத்தான்? 50 வெள்ளிக்கு ஆசைப்பட்டு என்று நினைத்தால் கணக்குத் தப்பும். அவன் வாய் திறந்தால் போவது 50 வெள்ளி இல்லை. இருபத்தோரு பேருக்கு ஐம்பது ஐம்பதாக 1,050 வெள்ளி, மண்டோருக்கு 200, ஆக மொத்தம் 1,250 வெள்ளி. அத்தனை பேரின் காசும் ஓர் ஆளின் கண்ணால் போய்விடும். அந்த ஆள் ஊருக்குப் புதுசு, மொழி சரியாக வராது, ராத்திரி அதே ஹாஸ்டலில் அந்த ஆட்களோடுதான் படுக்க வேண்டும். அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? மண்டோரிடமா? பட்டறையில் யாரும் வாய் திறக்காமல் இருந்தால் அதிக லாபம் மண்டோருக்குத்தான். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கவனமாக இருப்பதற்குக் காசு கொடுப்பதாக நினைத்து, மாதாமாதம் மௌனத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இது உங்கள் பட்டறைக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு நிர்வாகம் 2016-இல் விதியை மாற்றியபோது, அடிபட்டதைச் சொல்லவிடாமல் தடுக்கும் பரிசுத் திட்டங்களைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. 2018-இல் அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். பரிசு கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. அடிபட்டவர் தயங்காமல் வந்து சொல்வதற்கு வேறு ஏற்பாடுகளும் கூடவே இருக்க வேண்டும், ஆபத்தைக் கண்டு சொன்னவருக்குப் பரிசு கொடுப்பது நல்லது என்றார்கள். நானும் அதே கட்சிதான். பரிசு வேண்டும். எதற்குக் கொடுக்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் வாசல் பலகை எதையெல்லாம் எண்ணவில்லை என்று ஒரு நிமிடம் பாருங்கள். நாள் முழுக்க கிரைண்டர் சத்தத்தில் நிற்பவரின் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகளின்படி நாளொன்றுக்கு 85 டெசிபல்தான் வரம்பு. இரும்பை அறுக்கும்போது அதைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. இந்த இரண்டும் பலகையில் ஒருநாளும் ஏறாது. காது கேட்காமல் போகும் நாளில் அந்த ஆள் உங்களிடம் வேலையில் இருக்கவே மாட்டார்.

ஆகவே பலகையைக் கழற்றுங்கள். காசை மட்டும் உடனே பிடுங்காதீர்கள். இந்த மாதமே நிறுத்தினால் எல்லார் பார்வையும் அந்தப் பையன் மேல்தான் விழும், அடுத்தவன் இன்னும் ஆழமாக மறைப்பான். என் யோசனை இது: 50 வெள்ளியை விபத்தோடு முடிச்சுப் போடாமல் மாதாந்திர அலவன்ஸாக மாற்றிவிடுங்கள். மண்டோரின் 200-க்கும் இதே கதைதான். ஏழு மாதமாக அதைச் சேர்த்துத்தான் கணக்குப் போட்டு வந்திருக்கிறீர்கள், கடைக்குப் புதுச் சுமை இல்லை. அறிவிக்கும்போது, ‘இனிமேல் யாருக்கு அடிபட்டாலும் இந்தக் காசு போகாது, அடிபட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும்’ என்று பட்டறை மலாயிலேயே சொல்லுங்கள். நேப்பாளிகளில் மூத்தவர் ஒருவரை விட்டு அவர்கள் மொழியிலும் சொல்ல வையுங்கள்.

புதிய பரிசு எதற்கு? ஆபத்தைப் பார்த்துச் சொன்னதற்கு. அது எப்படி நடக்கும் என்பதற்கு உங்கள் பையனின் கண்ணையே எடுத்துக்கொள்வோம். அவனைக் கூப்பிட்டு, திட்டாமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கண்ணாடி எங்கே இருந்தது? நெற்றியில் ஏற்றி வைத்திருந்தேன் என்பான் என்று பத்து வெள்ளி பந்தயம் கட்டுவேன். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு மலிவான கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. வெட்டும் கோடு தெரியாவிட்டால் யாராக இருந்தாலும் கண்ணாடியைத் தூக்கத்தான் செய்வார்கள். முகத்துக்குப் போடும் ஷீல்டு இருக்கிறதே என்பீர்கள். கீழ்ப்பக்கத்திலிருந்தும் ஓரத்திலிருந்தும் துகள் உள்ளே வரும், ஷீல்டுக்குள்ளும் கண்ணாடி வேண்டும். ஆவி படியாத கண்ணாடி கொஞ்சம் விலை கூடத்தான். அதை வாங்கி, வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் பெரிய காற்றாடி ஒன்றை வைத்தால், நெற்றியில் ஏறிய கண்ணாடிகளில் பெரும்பாலானவை தானாக இறங்கிவிடும். ‘கண்ணாடி பனிக்கிறது’ என்று மூன்று மாதத்துக்கு முன்பு ஒருவன் வந்து சொல்லியிருந்தால், நான் பரிசு கொடுக்கச் சொல்வது அவனுக்குத்தான்.

இடையில் ஒன்று: கண்ணில் விழுந்த இரும்புத் துகள் ஒரு நாளுக்குள்ளேயே துருப்பிடித்து, கருவிழியில் வளையம் போலக் கறை விட்டுவிடும். துகளை எடுத்த பிறகு அந்தக் கறையையும் மருத்துவர் சுரண்டி எடுக்க வேண்டும். ‘காலையில் சரியாகிவிடும்’ என்று கசக்கிக்கொண்டு தூங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். இந்தத் தகவலைப் பத்து ஆட்களுக்குச் சொன்னால் எட்டுப் பேர் அன்றே வந்து சொல்வார்கள்.

இன்னொரு காட்சி, இது ஏறக்குறைய எல்லா இரும்புப் பட்டறையிலும் இருக்கும். நாலு அங்குல கிரைண்டர், அதன் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டியிருப்பார்கள். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் சுற்றும். ஏழு அங்குல டிஸ்க் தாங்குவது 8,500 சுற்றுதான், அதன் மேலேயே அச்சடித்திருக்கும். வெடித்தால் துண்டுகள் எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் கழற்றினார்கள் என்று கேட்டால் காரணம் இருக்கும்: இரும்புச் சட்டத்தின் உள்மூலையில் காப்புத் தகடு இடிக்கும், டிஸ்க் போய்ச் சேராது. அந்த மூலைக்குப் பொருத்தமான சின்ன கருவியை வாங்கிக் கொடுக்காமல் ‘காப்பைக் கழற்றாதே’ என்று நூறு போஸ்டர் ஒட்டினாலும் கழற்றத்தான் செய்வார்கள். அப்புறம், டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். நாளைக்கே உங்கள் ஸ்டோரில் கையில் கிடைக்கும் முதல் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் எல்லாரையும் நிறுத்துங்கள். போன வாரம் ‘நல்லவேளை தப்பித்தோம்’ என்று நினைத்தது என்ன என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது நீங்களே உங்களுடையதைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பட்டும், எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. விபத்தில்லா நாள் பலகை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து மூன்று பத்தி போடுங்கள்: என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சரிசெய்தோம். மூன்றாவது பத்தி காலியாகவே கிடந்தால் ஒரு மாதத்தில் முதல் பத்தியும் காலியாகிவிடும். சொன்னதை முதலாளி அந்த வாரமே சரிசெய்தார் என்பதைவிடப் பெரிய மரியாதை ஒரு தொழிலாளிக்குக் கிடையாது. காசுப் பரிசெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதற்குமேல் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், சொன்ன ஒவ்வொருவருக்கும் சின்னதாக, உடனே கொடுங்கள். 10 வெள்ளி டாப்-அப் கூடப் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு சாப்பாடு. நேப்பாளிகளுக்கு மாடு ஆகாது, வங்காளதேசிகளுக்கு ஹலால் வேண்டும், ஆகவே கோழியோ ஆடோ என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ‘மாதத்தின் சிறந்த பாதுகாப்புத் தொழிலாளி’ என்று படம் மாட்டும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் மாதம் மண்டோரின் மச்சான், அடுத்த மாதம் முறை வைத்து ஆளுக்கொருவர், அதற்கப்புறம் யாரும் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. குலுக்கல் பரிசும் அப்படித்தான், யார் என்ன செய்தார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காலணி, கையுறை, கண்ணாடி ஆகியவற்றை மட்டும் பரிசாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சில கம்பெனிகள் நல்ல சேஃப்டி ஷூவைச் சுற்றிக் கட்டி மேடையில் கொடுக்கிறார்கள், பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அது எல்லாருக்கும் கொடுக்க வேண்டிய பொருள். 1994-ஆம் ஆண்டு தொழில்பாதுகாப்புச் சட்டப்படி அதற்காகத் தொழிலாளியிடம் காசுகூட வாங்கக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பரீட்சை வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் வரும். லாரி வாசலில் நிற்கும், கஸ்டமர் போன் மேல் போன் போடுவார், அப்போது பார்த்து ஒரு வெல்டர் ‘சுமை தூக்கும் ஹாய்ஸ்ட் சங்கிலி சரியில்லை, நான் கீழே போக மாட்டேன்’ என்பார். உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைக்கும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று 2024 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் சொல்கிறது. அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. சட்டம் இருக்கட்டும், அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைத்தான் மற்ற இருபது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் அந்த வெல்டருக்கு நன்றி சொல்லிப் பாருங்கள். சங்கிலி நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு தெரியவந்தாலும் சொல்லுங்கள். முக்கியமாக அப்போதுதான் சொல்ல வேண்டும்.

அப்பாவும் தினமும் பட்டறைக்கு வருவார் என்று நினைக்கிறேன். எங்கள் காலத்தில் யார் கண்ணாடி போட்டார்கள் என்று கேட்கும் தலைமுறை, அவரை மாற்றப் போராட வேண்டாம். ‘நீங்கள் போட்டால்தான் பசங்கள் போடுவார்கள்’ என்று சொல்லி அவர் கையில் ஒரு நல்ல கண்ணாடியைக் கொடுங்கள். பெரியவர்கள் தங்களுக்காகப் போட மாட்டார்கள், பசங்களுக்காக என்றால் போட்டுக்கொள்வார்கள்.

இனி விருது, சான்றிதழ். மலேசியத் தொழில்பாதுகாப்புச் சங்கமான எம்சோஷ் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் தேசிய விருதும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆவணம் வேண்டும், ஏதோ ஒரு தணிக்கைக்கும் தயாராக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை எடுப்பவர்கள் பிஸ்சேஃப் என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சிறிய கம்பெனி கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறும் அங்கீகாரம் அது. அமெரிக்காவின் ஷார்ப் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சிறு நிறுவனம் தானாக முன்வந்து ஆலோசகரைக் கூப்பிடும், அவர் இலவசமாக வந்து குறைகளைக் காட்டுவார், அபராதம் கிடையாது. குறைகளைத் திருத்தி, நல்ல முறையை நிலைநாட்டி, விபத்து விகிதத்தையும் உண்மையாகவே குறைத்த பிறகுதான் அங்கீகாரம். நம் ஜே.கே.கே.பி.யிலும் சோஹெல்ப் என்று ஒரு திட்டம் இருக்கிறது, இரைச்சல், ரசாயனம், உடல் வலி தரும் வேலைமுறை ஆகியவற்றைப் படிப்படியாகச் சரிசெய்ய வழிகாட்டும். உங்கள் பட்டறைக்கு விருதைவிட அதுதான் இப்போது பொருத்தம்.

விருதுக்கு முன் சட்டப்படி இருக்க வேண்டியதை எண்ணிப் பாருங்கள். 2024-இல் வந்த அந்தச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பயிற்சி பெற்ற பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உங்களிடம் 22 பேர். பாதுகாப்புக் குழு 40 பேருக்குத்தான் கட்டாயம், அது உங்களுக்கு இல்லை. ஒருங்கிணைப்பாளர் பயிற்சிக்கு ஆபிஸ் கிளார்க்கை அனுப்பி பெயரை நிரப்பும் வேலை வேண்டாம், தளத்தில் நிற்பவரை அனுப்புங்கள். உங்கள் மண்டோரையே அனுப்பலாம், இத்தனை நாள் மூடி வைத்ததை அவரே திறந்துவிடட்டும். உள்ளூர் ஆட்கள் பத்துக்குக் கீழே என்பதால் மனிதவள மேம்பாட்டு லெவி (தொழிலாளர் பயிற்சிக்காக முதலாளி கட்டும் தொகை) உங்களுக்குக் கட்டாயம் இல்லை, விரும்பினால் சம்பளத்தில் 0.5 விழுக்காடு கட்டிப் பதிந்துகொண்டு பயிற்சிச் செலவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆபத்து மதிப்பீடும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டு விபத்துப் பதிவேடான ஜே.கே.கே.பி. 8 ஜனவரி 31-க்குள் போக வேண்டும். முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் அபராதம் இப்போது 5 லட்சம் வெள்ளி வரை. முன்பு 50,000 ஆக இருந்தது.

கடைசியாக அந்தப் பெரிய கம்பெனியின் பாரம். பாதுகாப்புச் சாதனை என்ற கட்டத்தில் ‘ஏழு மாதம் விபத்தில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அது உண்மை இல்லை. தவிர, இரும்புப் பட்டறையின் பதிவேட்டில் வெறும் பூஜ்யமாக இருந்தால் அனுபவமுள்ள தணிக்கையாளர் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். நடந்ததை எழுதுங்கள்: கண்ணில் துகள் விழுந்த ஒரு சம்பவம், 5 நாள் எம்.சி., சொக்சோவுக்கும் இலாகாவுக்கும் அறிவித்த தேதிகள், அதன் பிறகு மாற்றிய கண்ணாடி, வைத்த காற்றாடி. வெள்ளைப் பலகையைத் தொடங்கி நாலு வாரம் ஆகியிருந்தால் அதையும் படமெடுத்து இணையுங்கள். பாரத்துக்குக் கெடு அதற்கு முன்பே வந்தால் ஒருங்கிணைப்பாளர் பயிற்சிக்குப் பதிந்த ரசீதை வையுங்கள்.